சார்ஜண்ட் வீட்டு இங்கிலீஷ்

ருக்மணிக்கு இங்கிலீஷ் வரும் என்று காஜா பேராங் ஊர் முழுக்க நம்பியது. அவளும் நம்பினாள்.

புக்கிட் ரம்பாய்ப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள் அவள். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் கொஞ்சம் தமிழ் படித்தாள். டவுன் கவுன்சிலில் தண்ணீர்க் குழாய் வேலை பார்த்த மருதமுத்துவைக் கட்டிக்கொண்டு காஜா பேராங்குக்கு வந்த பிறகு மலாயும் வந்தது. அவர்கள் குடியிருந்தது ஒரு சிட்டி குடும்பத்தின் பின்கட்டு; தலைமுறைகளுக்கு முன்னால் வந்து, தமிழை மறந்து, சாமியை மறக்காத ஜனங்கள் இந்தச் சிட்டிகள். வீட்டுக்காரம்மா சிவகாமசுந்தரி நெற்றி நிறையத் திருநீறு பூசி, மாரியம்மன் முன்னால் நின்று, அம்மனிடம் மலாயில் குறை சொல்லுகிறவர். அவரோடு கிணற்றடியில் சண்டை போட்டுச் சண்டை போட்டே ருக்மணி அந்த மலாயைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பாஷை வந்தவளுக்கு மூன்றாவது வராமலா போகும்?

மெர்டேக்கா என்று சுதந்திரம் கிடைத்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. பழைய துரைகள் ஒவ்வொருவராகக் கப்பல் ஏறிக்கொண்டிருக்க, ஆஸ்திரேலியப் பட்டாளத்துக் குடும்பங்கள் உஜோங் பாசிரில் பங்களா எடுத்துக் குடியேறின. அதில் ஒரு வீட்டுக்குச் சமைக்க ஆள் தேவை என்று சிவகாமசுந்தரிக்குத் தகவல் வந்தது. “இங்கிலீஷ் வருமா?” என்று அவர் மலாயில் கேட்டதற்கு, “அதென்ன பிரமாதம்?” என்று ருக்மணியும் மலாயிலேயே பதில் சொல்லிவிட்டு வேலையில் சேர்ந்தாள்.

அந்த வீட்டுத் துரை சார்ஜண்ட் கெல்சோ. கதவு நிலைக்குக் குனிந்து நடக்கிற உயரம். அவர் மனைவி டோரீன் மெம், வெயிலில் சிவந்த முகமும் வாய் நிறையச் சிரிப்புமாக இருப்பவள். அடுப்படிக்கே வந்து உட்கார்ந்து ருக்மணியோடு வெங்காயம் உரிப்பாள். பேச்சும் அப்படித்தான், நிற்காது.

முதல் வாரத்திலேயே வம்பு வந்தது. “பையன்கள் நாலு பேர் டீக்கு வர்றாங்க” என்றாள் மெம். ருக்மணி டீ கலக்கி, தட்டு நிறைய பிஸ்கட் அடுக்கி வைத்தாள். நாலு சிப்பாய்களும் ஒரே மூச்சில் பிஸ்கட்டைத் தீர்த்துவிட்டு அடுப்படிக் கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மெம் ஓடி வந்து சைகை காட்டிய பிறகுதான் புரிந்தது: இவர்களுக்கு டீ என்றால் ராச்சாப்பாடு! ருக்மணி அவசரமாகச் சோறு வடித்து, மத்தி மீன் டப்பாவை உடைத்து மிளகாய் அரைத்த சம்பல் செய்து போட்டாள். சாப்பிட்டவர்களுக்குக் கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர். ஒருவன் மூக்கைத் துடைத்துக்கொண்டு, “பிளடி குட்!” என்றான்.

ருக்மணி கரண்டியை டொக்கென்று வைத்தாள். ‘பிளடி’ என்றால் என்னவென்று அவளுக்கா தெரியாது? தோட்டத்தில் துரை அதைச் சொன்னால் யாரோ ஒருவருக்கு வேலை போய்விடும். மெம் அவள் தோளைப் பிடித்து, அவர்கள் ஊரில் அது திட்டே இல்லை, ‘ரொம்ப’ என்று அர்த்தம், ரொம்ப நன்றாக இருக்கிறது என்கிறான் என்று விளக்கினாள்.

“ரொம்பன்னு சொல்றதுக்கு ரத்தம் வரணுமா?” என்று வீட்டில் மருதமுத்து கேட்டான்.

“அவங்க இங்கிலீஷ் வேறங்க. சொல்லு அதேதான், உள்ள வேற சாமான் இருக்கு.”

இந்தக் கொள்கையோடுதான் அவள் ‘குருக்’ என்ற சொல்லிடம் போய் மாட்டினாள்.

ஒரு திங்கட்கிழமை காலையில் மெம் களைத்துப்போன முகத்தோடு வந்து, “பில் இஸ் குருக், ருக்மணி” என்றாள். பில் என்பது சார்ஜண்ட். ருக்மணிக்குத் திக்கென்றது. தோட்டத்தில் கணக்குப் புரட்டிய கிராணியைத் துரை “யூ குருக்!” என்று கத்தி விரட்டியதை அவள் கண்ணால் பார்த்தவள். குருக் என்றால் திருடன். கட்டின புருஷனைப் பெண்டாட்டியே திருடன் என்கிறாளே!

அன்று சாயங்காலம் மருதமுத்துவிடம் மெதுவாகச் சொன்னாள்.

“குருக்களா? சார்ஜண்டா?”

“குருக்கள் இல்லங்க, குருக்! திருடன்!”

“எதைத் திருடினாராம்?”

“தெரியல. இறால் தின்னதிலேருந்து இப்படியாம்.”

மருதமுத்து வெகுநேரம் யோசித்துவிட்டு, “இறாலுக்கு அவ்வளவு சக்தி கிடையாது” என்றான்.

மறுநாள் மெம் பாலை முகர்ந்து பார்த்து, பாலும் குருக் என்றாள். ஐஸ்பெட்டியும் குருக். அப்போது சார்ஜண்ட் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கழிவறைக்கு ஓட, ருக்மணிக்கு விளங்கிவிட்டது. இங்கிலாந்துக்காரனுக்குத்தான் குருக் என்றால் திருடன், ஆஸ்திரேலியாக்காரனுக்குச் சீக்காளி! அவளுக்கு மனசு லேசானது. மிளகு தட்டிப் போட்டு ரசம் வைத்துக் கொடுத்தாள். சார்ஜண்ட் இரண்டு நாளில் எழுந்து உட்கார்ந்தார்.

அந்தப் பங்களாவுக்குக் காய்கறி போட்டவன் சுப்பையன். செமாபோக்கிலிருந்து மூன்று சக்கர வண்டியில் வருவான். இங்கிலீஷ் ஸ்கூலில் ஐந்தாவது வரை படித்தவன், அதை எல்லோரிடமும் சொல்லிவிடுவான். அவனுடைய நிறுவைக்கோலில் ஒரு முனையில் தட்டு தொங்கும். மறுமுனையில் குண்டை நகர்த்தி எடை பார்ப்பான். அவன் கொடுத்த கத்தரிக்காயை மெம் ஒருநாள் அடுப்படித் தராசில் வைத்துப் பார்த்தாள். மறுபடியும் வைத்துப் பார்த்தாள். பிறகு ருக்மணியைக் கூப்பிட்டு, “அந்தச் சுப்பையன் இருக்கானே, ஹீ இஸ் எ குருக். பார்த்து நடந்துக்கோ” என்றாள்.

ருக்மணிக்கு நெஞ்சு உருகிவிட்டது. பாவம், இவ்வளவு வெயிலில் வண்டி மிதிக்கிறானே! மறுநாள் மங்குக் கோப்பையில் மிளகு ரசத்தோடு வாசலில் காத்திருந்தாள்.

“என்னக்கா இது?”

“குடி தம்பி. எல்லாம் தெரியும். நீ குருக்குன்னு மெம் சொல்லிட்டாங்க.”

சுப்பையனுக்கு முகம் வெளுத்தது. அவன் படித்த ஐந்தாவது வகுப்பில் அந்தச் சொல்லுக்கு ஒரே ஒரு அர்த்தம்தான் இருந்தது.

“எப்பலேருந்துப்பா?” என்றாள் ருக்மணி, மிகவும் கனிவாக.

“போன தீபாவளிக்கு அப்புறந்தான்கா. சத்தியமா அதுக்கு முன்னால இல்ல.”

“அம்மாடி! இத்தனை மாசமா உள்ளுக்குள்ளேயே வச்சிருந்தியா? அஞ்சலைக்குத் தெரியுமா?”

அஞ்சலை அவன் மனைவி. சுப்பையன் தலையைக் குனிந்துகொண்டு, தெரியாது என்றான்.

“இன்னிக்கே சொல்லிடு. பெண்டாட்டிகிட்ட மறைக்கலாமா? வெக்கப்பட என்ன இருக்கு, எங்க சார்ஜண்டுக்கும்தான் இருந்துச்சு.”

“சார்ஜண்டுமா?” சுப்பையன் பங்களாவை அண்ணாந்து பார்த்தான்.

“ரெண்டு நாளு ராவும் பகலும். மெம் பக்கத்திலேயே இருந்தாங்க. இப்ப சுத்தமா விட்டுப் போச்சு. உனக்கு எங்கப்பா? வயித்திலயா?”

சுப்பையன் வலதுகையை மெதுவாக நீட்டினான். “இந்தக் கட்டைவிரல்தான்கா. நிறுக்கும்போது தட்டுக் கயித்தத் தொட்டுச்சுன்னா...” கண் கலங்கிவிட்டது.

அடடா, நிறுக்கும்போதுகூட வலிக்கிறதாமே என்று ருக்மணி உள்ளே ஓடினாள். தைலம் கொண்டுவந்து விரலில் அழுத்தித் தேய்த்து, பழைய வேட்டித் துணியைக் கிழித்து, விரல் விறைத்து நிற்கும்படி இறுக்கிக் கட்டினாள். சுப்பையன் அப்படியே நின்று ரசத்தைக் குடித்து முடித்துவிட்டு, அவளைக் கும்பிட்டுவிட்டுப் போனான்.

அன்று அவன் நிறுத்துக் கொடுத்த காய் சரியாக இருந்தது. அதற்கடுத்த நாளும் சரியாக இருந்தது. கட்டுப் போட்ட விரல் எங்கேயும் அழுந்தவில்லை. மெம்முக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. “அவனிடம் என்ன சொன்னாய்?” என்று கேட்டாள். ருக்மணி சைகையும் சொல்லுமாக ரசம், தைலம், துணி எல்லாவற்றையும் சொன்னாள். மெம் முதலில் விழித்தாள். பிறகு மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். சார்ஜண்டைக் கூப்பிட்டுச் சொல்ல, அவர் சிரித்ததில் பக்கத்து பங்களா நாய் குரைத்தது.

சிரித்து ஓய்ந்து மெம் விளக்கினாள். முன்னால் ‘எ’ இல்லாவிட்டால் சீக்காளி. ‘எ’ இருந்தால் திருடன்.

“அந்த ‘எ’ உங்க வாயை விட்டு வெளியிலேயே வரலியே, மெம்!” என்றாள் ருக்மணி தமிழிலேயே.

பிறகுதான் கோபம் வந்தது. கட்டைவிரல் என்று அவன் சொன்னதன் அர்த்தம் அப்போதுதான் உறைத்தது. தீபாவளியிலிருந்து எத்தனை கத்தரிக்காய்! நாளைக்கு வரட்டும், வண்டியோடு கவிழ்த்துவிடுகிறேன் என்று பல்லைக் கடித்தாள்.

ஆனால் மறுநாள் சுப்பையனோடு அஞ்சலையும் வந்திருந்தாள். ருக்மணி வாயைத் திறப்பதற்குள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “அக்கா, எல்லாத்தையும் எங்கிட்ட சொல்லி அழுதுட்டாரு. வேற யாரா இருந்தாலும் போலீசைக் கூப்பிட்டிருப்பாங்க. நீங்க ரசம் கொடுத்து, எண்ணெய் போட்டு, ‘இந்த விரலுதானே’ன்னு கட்டிவிட்டீங்களாமே. இப்படி நாசூக்கா யாருதான்கா புத்தி சொல்லுவா?”

ருக்மணி திறந்த வாயை மூடினாள். நடந்ததைச் சொன்னால் இந்தப் புகழும் போகும், சரியான எடையும் போகும்.

“கட்டை அவுக்காத தம்பி. இன்னும் முழுசா ஆறல” என்றாள்.

சுப்பையன் பல மாதம் அந்தக் கட்டோடேயே வியாபாரம் செய்தான். துணி கறுத்துப் போனால் அஞ்சலையே புதுத்துணி மாற்றிக் கட்டுவாள். உஜோங் பாசிரில் மற்ற பங்களாக்காரர்களும் அவனையே தேட ஆரம்பித்தார்கள். காஜா பேராங்கிலோ ருக்மணியின் பெயர் எங்கேயோ போய்விட்டது. இங்கிலீஷில் பேசித் திருடனைத் திருத்தினவள் என்று சிவகாமசுந்தரி கோயிலில் எல்லோரிடமும் சொன்னார்.

இரண்டு வருஷம் கழித்து கெல்சோ குடும்பம் ஊருக்குத் திரும்பியது. சாமான்களை லோரியில் ஏற்றியாகிவிட்டது. மெம் ருக்மணியைக் கட்டிப்பிடித்துவிட்டு, காரில் ஏறி, ஜன்னல் வழியே கையை ஆட்டிக்கொண்டு, “ஹூரூ, ருக்மணி! ஹூரூ!” என்று கத்தினாள். ருக்மணி கையைக்கூடத் தூக்கவில்லை. அது சந்தோஷத்தில் கத்துகிற சத்தம் என்று நினைத்தாள். நம்மை விட்டுப் போவதில் இவ்வளவு சந்தோஷமா? வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துவிட்டாள். அந்த வருத்தம் வெகுநாள் இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

அடுத்து அந்தப் பங்களாவுக்கு வந்த மெம்மும் ஆஸ்திரேலியாக்காரிதான். ஒருநாள் மீன் வாங்கப் பாசாருக்குக் கிளம்பும்போது அவளும் “ஹூரூ!” என்றாள். ருக்மணி அவளை வாசலிலேயே மறித்து அர்த்தம் கேட்டாள். போய்விட்டு வருகிறேன் என்று சொல்வதுதான் அது, வேறொன்றும் இல்லை என்றாள் புது மெம்.

அன்று வீட்டுக்கு வந்ததும் ருக்மணி அழுதாள், சிரித்தாள், மறுபடியும் அழுதாள். மருதமுத்து சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்து முழுக் கதையும் கேட்டான்.

“இனிமே எந்த மெம் வண்டி ஏறினாலும், வண்டி கிளம்பறதுக்கு முந்தியே அர்த்தத்தைக் கேட்டு வச்சுக்க” என்றான்.