தைலப் பெட்டியின் ஒன்பதாம் வரி

புதினா உப்பை நான் முதன்முதலில் கண்டது பாளையங்கால்வாய்க் கரையில், பள்ளித் தோழர் ஒருவர் நடத்தும் தைலக் கொட்டகையில். புதினா எண்ணெயைக் குளிர வைத்துப் பிரித்தெடுக்கும் வெண்ணிற ஊசிகள் அவை. கற்பூரத்தோடு சேர்த்தால் நெருப்பின்றியே இரண்டும் உருகி எண்ணெயாகிவிடும். பற்பசையிலும் இருமல் மிட்டாயிலும் நாம் உணரும் குளிர்ச்சி இதனுடையதே. ஆனால் அது எதையும் குளிர்விப்பதில்லை. குளிரை உணரும் நரம்பை ஏமாற்றுகிறது, அவ்வளவே.

“ஒம்மள மாதிரி தமிழ் எழுத ஆளு ஏது வே? பொட்டிக்குப் பின்னால போட நாலு வரி எழுதித் தாரும்” என்றார் தோழர்.

மருத்துவ நூல்களைப் புரட்டி ஒன்பது வரிகள் எழுதிக் கொடுத்தேன். கடைசி வரி இது: ‘கைக்குழந்தையின் மூக்கருகே பூசலாகாது, மூச்சு நின்றுவிடக்கூடும்.’

அச்சான பெட்டிகளில் ஆறு வீட்டுக்கு வந்தன. நான் திருப்பிப் பார்க்கவில்லை. அந்தச் சோம்பலை இன்றும் என்னால் மன்னிக்க இயலவில்லை.

பேறுகாலத்துக்கு வந்திருந்த மகள், சளி பிடித்த தன் மூன்று மாதக் குழந்தையைக் குளிப்பாட்டிச் சாம்பிராணிப் புகை காட்டினாள். பிறகு, எங்கள் பக்கத்து வழக்கப்படி, மூக்குத்தண்டில் அந்தத் தைலத்தைத் தொட்டு வைத்தாள். குழந்தை ஒருமுறை விக்கியது. அதன்பின் அழுகையும் இல்லை, அசைவும் இல்லை. உதடு நீலம் பாய்ந்தது. ஈரத்துணியால் மூக்கை அவள் அழுந்தத் துடைக்க, நான் உள்ளங்காலைச் சுண்டிக்கொண்டே இருந்தேன். வீறிட்டு அழுகை வந்தபோதுதான் எங்களுக்கும் மூச்சு வந்தது.

மருத்துவமனையிலிருந்து திரும்புகையில் ஆட்டோவில் மகள் கேட்டாள்: “நீங்க எழுதுனதுதானப்பா? வாசிச்சிட்டுத்தான் தடவுனேன்.”

வீட்டுக்கு வந்து பெட்டியைத் திருப்பினேன். எட்டு வரிகளே இருந்தன. ஒன்பதாம் வரி இருந்திருக்க வேண்டிய இடத்தில் தோழர் கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையில் கொட்டகைக்குப் போய் நடந்ததைச் சொன்னேன்.

“பேரப்பிள்ள நல்லாத்தான இருக்கு? பெறவு என்ன வே?”

“அந்த வரியை ஏன் எடுத்தீர்?”

“எடம் பத்தல வே. மூச்சு நிக்கும்னு போட்டா எவன் வாங்குவான்?”

“உம் மூஞ்சிக்கு மட்டும் இடம் பற்றியதோ?”

“கோவப்படாதேயும். அடுத்த அச்சுல போட்டுருவோம்.”

திசையன்விளைக்கும் சாத்தான்குளத்துக்கும் போகவேண்டிய பெட்டிகள் சுவரோரம் அடுக்கியிருந்தன. அங்கும் சளி பிடித்த குழந்தைகள் உண்டு. ஒரு சாக்கு மூட்டையின்மேல் அமர்ந்து, முதல் பெட்டியை எடுத்து, அவருடைய சிரித்த முகத்தின் குறுக்கே அந்த வரியை எழுதினேன். வழுவழுப்பான அட்டையில் மை பிடிக்கவில்லை. விரல் பட்டதும் அழிந்தது.

“என்ன வே செய்யுதீரு, கிறுக்குப் பிடிச்சிட்டா?”

அட்டை கிழியுமளவு பேனாவை அழுத்தி, மறுபடியும் எழுதலானேன்.