ஆறும் இடது கால்

போன புதன்கிழமை ஒரு நேர்காணலுக்குப் போயிருந்தேன். எனக்கு இல்லை... மாடி வீட்டு ஸ்டெல்லாவுக்கு. ஆனால் வியர்த்துக் கொட்டியது என்னவோ எனக்குத்தான்!

ஸ்டெல்லா ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் சாம்பிள் ரூமில் பதினோரு வருஷம் வேலை பார்த்தவள். இப்போது கூட வேலை செய்த மூன்று பெண்களைச் சேர்த்துக்கொண்டு, சர்க்கரை நோயாளிகளுக்கு மெத்தென்று, உறுத்தாத செருப்பு செய்கிறாள். தைக்கும் மெஷின் மட்டும் வாடகை. அதையும் இந்த மாதக் கடைசிக்குள் திருப்பிக் கேட்டுவிட்டார்கள்.

சொந்த மெஷினுக்கு அரசாங்க மானியத்தோடு கடன் உண்டு. அது கிடைக்காவிட்டால்? நாலு பேரும் பழையபடி கம்பெனி வாசலில் போய் நிற்க வேண்டியதுதான்.

விண்ணப்பத்தை ஆன்லைனில் போட்டது நான். திட்ட அறிக்கை எழுதியது நான். ஆதார், கொட்டேஷன், போட்டோ என்று மூன்று மூன்று காப்பி எடுத்து அடுக்கியதும் நான்தான். அவ்வளவு கெட்டிக்காரியான நான், ஸ்டெல்லா கையிலிருந்த பையை மட்டும் திறந்து பார்க்கவில்லை.

மாவட்டத் தொழில் மையத்தில், மேஜைக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர். ஒருவர் பொது மேலாளர் அம்மா. இன்னொருவர் பேங்க் அதிகாரி — சிரிப்பதற்கும் மேலிடத்து அனுமதி வேண்டும் என்பது போன்ற முகம்.

"தயாரிப்பைக் காட்டுங்கம்மா" என்றார் அந்த அம்மா. ஸ்டெல்லா ஆறு செருப்புகளை எடுத்து வரிசையாக வைத்தாள். ஆறும் இடது கால்.

பேங்க் அதிகாரி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"என்னம்மா இது, எல்லாம் ஒரே கால்? ஜோடி எங்கே?"

"சாம்பிள் சார்" என்றாள் ஸ்டெல்லா. "சாம்பிள்னா ஒரு காலுதான?"

அவள் சொன்னதில் தப்பே இல்லை. வெளிநாட்டுக்காரனுக்குக் கம்பெனி அனுப்பும் சாம்பிள் ஒற்றைக் கால்தான். தோலையும் தையலையும் பார்க்க ஒன்று போதாதா? ஆனால் அரசாங்கத்துக்கு இரண்டு கால் என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? நான் சொல்லியிருக்க வேண்டும்!

"அப்போ ஜோடியாவே செய்யறதில்லையா?"

"ஜோடியா தெச்சதெல்லாம் வித்துப் போச்சி சார்."

மேலாளர் அம்மா சிரித்துவிட்டார். பேங்க்காரர் சிரிக்கவில்லை. "பார்த்தா ஒண்ணும் புரியலையே" என்றார்.

"பாத்தா புரியாது சார். போட்டாத்தான் புரியும். ஒங்களுக்கு சுகர் இருக்குதா?"

மேஜைக்கடியில் அவள் காலை மிதித்தேன். அவளா அடங்குவாள்? ஒரு செருப்பை எடுத்து அவர் பக்கம் நீட்டினாள். "போட்டுப் பாருங்க சார்."

"பத்து வருஷமா இருக்கு" என்றார் அவர், கொஞ்சம் தணிந்த குரலில். குனிந்து இடது ஷூவையும் சாக்ஸையும் கழற்றினார். சுண்டுவிரலில் பிளாஸ்திரி.

செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்தார். ஜன்னல் வரை போய்த் திரும்பினார். கதவு வரை போனார். அப்புறம் கதவைத் திறந்துகொண்டு வராண்டாவுக்கே போய்விட்டார். ஒரு காலுக்கு டக் என்று சத்தம், இன்னொரு காலுக்குச் சத்தமே இல்லை. நாங்கள் மூன்று பேரும் உள்ளே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தோம்.

திரும்பி வந்தவர் கேட்டார். "வலது கால் எப்போம்மா கிடைக்கும்?"

"மெஷின் வந்தா மறுநாளே சார்."

இப்போது அவரும் சிரித்தார். அனுமதி கிடைத்துவிட்டது போலும்! பரிந்துரைக் கையெழுத்து அங்கேயே விழுந்தது. "நாளைக்கு பிராஞ்சுக்கு வாங்க, சாங்ஷன் பண்ணிடலாம்" என்றார். சந்தோஷத்தில் எனக்குக் கண் நிறைந்துவிட்டது, ஒளிப்பானேன்?

"இதுக்கு என்ன விலை?" என்று காலைக் காட்டினார்.

"சாம்பிள விக்க மாட்டோம் சார்" என்று கை நீட்டினாள் ஸ்டெல்லா. கழற்ற மனசே இல்லாமல் கழற்றிக் கொடுத்தார்.

நான் ராப்பகலாக எழுதிய திட்ட அறிக்கையா? அதை யாரும் பிரிக்கவே இல்லை.

அரசாங்கம் நம்மைத் தேடி நடந்து வராது என்று அலுத்துக்கொள்கிறோம். வரும்... உறுத்தாத செருப்பாக ஒன்று கொடுத்துப் பாருங்கள்!