பெய்ராவிலிருந்து போடிமெட்டுக்கு நேர்கோடு கிடையாது

மொசாம்பிக் நாட்டின் பெய்ரா நகரில், துவரை ஏற்றுமதிக் கிடங்கு ஒன்றில் எனக்கு வேலை. அங்கிருந்து தான்சானியாவின் தார் எஸ் சலாம் விமான நிலையம் ஏறத்தாழ ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர், பறக்கும் நேரம் இரண்டே கால் மணி என்றது ஓர் இணையப் பக்கம். அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, தார் எஸ் சலாமிலிருந்து மும்பைக்கு மலிவு டிக்கெட் ஒன்றை முதலில் வாங்கிவிட்டேன். போடிமெட்டில் என் தங்கை மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் நான் ஒருவன்தான். என் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். முந்தின நாளே வந்துவிடுவேன் என்று தங்கை செல்விக்கு வாக்கும் கொடுத்தாயிற்று.

பிறகுதான் பெய்ராவில் டிக்கெட் கவுன்டருக்குப் போனேன். நேர் விமானம் இல்லையாம். வடக்கே போகிறவன் முதலில் தெற்கே ஜோகன்னஸ்பர்க் போய், வேறு விமானம் பிடித்துத் திரும்ப வடக்கே வர வேண்டுமாம்.

"அப்படியென்றால் அந்த இரண்டே கால் மணி?" என்று கேட்டேன்.

"அது வரைபடத்தில் கோடு போட்டுப் பார்த்த கணக்கு. விமானம் இருக்கிறது என்று யார் சொன்னது?" என்றாள் கவுன்டர் பெண்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இல்லாத விமானத்துக்கு நேரம் போடுவது எந்த ஊர் நியாயம்? பெண்ணே இல்லாத வீட்டில் கல்யாணத் தேதி குறிப்பதா? ஜோகன்னஸ்பர்க்கில் தாமதமானது. நான் தார் எஸ் சலாம் போய்ச் சேர்வதற்குள் மும்பை விமானம் கிளம்பிவிட்டது. மறுநாள்தான் இடம் கிடைத்தது.

காதுகுத்து அன்று காலை பத்தேமுக்காலுக்கு, மும்பை, மதுரை தாண்டிப் போடி பஸ் நிலையத்தில் இறங்கினேன். நல்ல நேரம் பன்னிரண்டோடு முடிகிறது. மலைமேல் போடிமெட்டுக்குப் போகும், தலைக்கு நூறு ரூபாய் ஜீப்பில் ஏறி உட்கார்ந்தேன். அது நகரவில்லை.

"அண்ணே, வெரசா எடுங்க. தங்கச்சி மகளுக்குக் காதுகுத்து. நாந்தான் தாய்மாமன்."

"இன்னும் ரெண்டு ஆளு சேரட்டும்ணே. தாய்மாமன் வராமக் குத்திருவாகளா?" என்றார் ஓட்டுநர்.

அடிவாரத்து ஊரான முந்தலைத் தாண்டியதும் மலைப்பாதை வளைவுகள் தொடங்கின. "அந்தா தெரியுது போடிமெட்டு. போய்ச் சேர முக்கா மணி நேரம் ஆயிரும்" என்றார் அவர். இந்த அடிவாரத்தில் பிறந்து வளர்ந்தவன், ஆப்பிரிக்காவுக்குப் போய் நேர்கோட்டை நம்பினேனே என்று என்மேலேயே எரிச்சல் வந்தது.

காதுகுத்து நடக்கும் கோயிலுக்குப் போனபோது மணி பன்னிரண்டைத் தாண்டியிருந்தது. செல்வியின் கணவருடைய தம்பி மடியில் பிள்ளை உட்கார்ந்திருந்தாள். ஒரு காதில் கம்மல் மின்னியது.

"நல்ல நேரத்துல ஒரு காதையாச்சும் குத்தணும்னு பெரியவுக சொல்லிட்டாக. மத்தது எங்கண்ணனுக்குன்னு சண்ட போட்டு நிறுத்தி வச்சிருக்கேன். உக்காருண்ணே" என்றாள் செல்வி. அவள் கண் சிவந்திருந்தது.

சம்மணமிட்டு உட்கார்ந்தேன். ஆசாரி கம்பியை எடுத்தார். அவர் தொடுவதற்கு முன்பே, என் முகத்தைப் பார்த்துப் பிள்ளை வீறிட்டாள். "சித்தப்பா" என்று இரண்டு கைகளையும் அந்தப் பக்கம் நீட்டினாள். மூன்று வயதுப் பிள்ளையை நான் தூக்குவது அதுதான் முதல் தடவை.

"மாமாடி, ஆத்தா. தெனமும் போன்ல மொகம் பாத்துப் பேசுவியே, அந்த மாமா" என்று செல்வி கெஞ்சினாள்.

பிள்ளை அழுகையை நிறுத்தினாள். என்னைப் பார்க்கவில்லை. அம்மா கையிலிருந்த போனைக் காட்டி, "மாமா அங்க" என்றாள்.