தவிட்டுக்கு வாங்கியவள்

என் பெயர் தவிட்டம்மா. சொன்னதும் எதிரில் இருப்பவர் முகம் ஒரு தடவை சுருங்கும், பிறகு மரியாதைக்காக விரியும். "பழைய பேருங்க, இல்லையா?" என்பார்கள். வங்கியிலும் இதே கதைதான், மருந்துக்கடையிலும் இதே கதைதான். தலவாக்கலையில் ஆசிரியையாக இருப்பதால் எல்லோரும் டீச்சர் என்றே கூப்பிடுகிறார்கள், அது ஒரு நிம்மதி. முதுகுக்குப் பின்னால் பிள்ளைகள் 'தவுட்டு டீச்சர்' என்பதும் எனக்குத் தெரியும். எனக்குக் காது நன்றாகவே கேட்கும்.

இந்தப் பெயரை யாரும் ஆசைப்பட்டு வைப்பதில்லை. பிறக்கிற பிள்ளையெல்லாம் தங்காமல் போகிற வீட்டில், அடுத்ததையாவது காப்பாற்ற ஒரு தந்திரம் செய்வார்கள். பிள்ளையை முறத்தில் கிடத்திக் குப்பைமேட்டில் வைப்பார்கள். வேறொரு பெண் வந்து அதை எடுத்துக்கொண்டு, பெற்றவள் முந்தானையில் ஒரு சுண்டு அளவு தவிட்டைக் கொட்டுவாள். பெற்றவள் "வித்துட்டேன்" என்பாள். வந்தவள் "வாங்கிட்டேன், எனக்காக வளத்துக் குடு" என்று பிள்ளையை அவள் கையிலேயே திருப்பிக் கொடுப்பாள். அதன் பிறகு அது பெற்றவளின் பிள்ளை இல்லை. அவளைத் தேடி வருகிற சாவு, இவளுக்குத்தான் பிள்ளையே இல்லையே என்று திரும்பிப் போய்விடுமாம். போகாமல் நின்றால் வாங்கினவள் பதில் சொல்லிக்கொள்ள வேண்டும். அப்படி விலைபோன பெண் தவிட்டம்மா. குப்பை, பிச்சை என்ற பெயர்களும் இதே சாதிதான். மதுரை, திருச்சிப் பக்கமிருந்து தேயிலைத் தோட்ட வேலைக்கு இந்த இலங்கை மலைக்கு வந்தவர்கள் சட்டிபானையோடு இதையும் கட்டிக்கொண்டு வந்தார்கள். நெல் விளையாத மலைக்குத் தவிட்டை ஏன் கொண்டுவந்தார்களோ, அவர்களைத்தான் கேட்க வேண்டும்.

ஒரு காலத்தில் எங்கள் தோட்டத்தில் இந்தப் பெயருக்குப் பஞ்சமே இல்லை. காலையில் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும்போது, கணக்கப்பிள்ளை வெறுமனே தவிட்டம்மா என்றால் நாலைந்து பேர் ஒன்றாக நிமிர்ந்து பார்ப்பார்களாம். அதனால் பெரிய தவிட்டம்மா, சின்னத் தவிட்டம்மா, மேல்லயத்துத் தவிட்டம்மா என்று கூப்பிட்டிருக்கிறார்கள். சிரித்துக்கொண்டேதான் அம்மா இதைச் சொல்லுவாள். எனக்குச் சிரிப்பு வந்ததில்லை. ஒவ்வொருத்திக்கும் முன்னால் பிறந்து மண்ணுக்குள் போனவர்களையும் சேர்த்து யார் கூப்பிடுவது?

இப்போது என் வகுப்பில் எல்லாப் பெயரிலும் ஒரு ஷவோ ஜவோ இருக்கிறது. பெற்றவர்கள் போனில் தேடி, எண் பார்த்து வைக்கிற பெயர்கள். பாதிக்கு அவர்களுக்கே அர்த்தம் தெரியாது. கூப்பிடும்போது என் நாக்கு சுளுக்கிக்கொள்கிறது. ஆனாலும் ஒவ்வொரு வருடமும் புதுப்பிள்ளைகளின் பெயரைக் கேட்டு முடித்ததும் மனதுக்குள் ஒரு சின்ன ஆறுதல் வரும். ஒரு தவிட்டம்மாவும் வரவில்லை. அபூர்வமான பெயர் என்று ஊரார் பரிதாபப்படுகிறார்கள். இந்தப் பெயர் அபூர்வமாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

எனக்கு மூத்தவர்கள் மூன்று பேர். யாரும் தவழ்கிற வயதைக் காணவில்லை. நான் பிறந்தது பஞ்ச காலத்தில். அரிசியும் மாவும் குறைந்துபோய், கிழங்கு தோண்டித் தின்று, அதுவும் கிடைக்காமல் தோட்டத்துச் சனம் காய்ந்த காலம். என்னை வாங்கியவள் எங்கள் லயத்து ஒற்றையறை வீட்டு வரிசையில் கடைசிக் காம்பராக்காரி. அவளுடைய அண்ணன் மாத்தளைப் பக்கம் ஒரு நெல்லு மில்லில் வேலை பார்த்தான். அவன்தான் தங்கச்சிக்கு ஒரு சின்ன மூட்டை தவிடு கொண்டுவந்து கொடுத்திருந்தான். மாட்டுக்கு அல்ல, அவளும் பிள்ளைகளும் கஞ்சி காய்ச்சிக் குடிக்க.

வழக்கப்படி அந்தத் தவிட்டை மாட்டுக்கு வைத்துவிட வேண்டும். என் அம்மா வைக்கவில்லை. ரொட்டி தட்டித் தின்றாள். "அன்னிக்கு ராத்திரிதான் ஒனக்குப் பால் ஊறுச்சு" என்று பலமுறை சொல்லியிருக்கிறாள். சாவை ஏமாற்ற மலிவாக விற்ற பிள்ளை நான். அந்த வருடத்தில் தவிட்டைவிட விலைகூடிய பொருள் எங்கள் லயத்தில் இல்லை.

என்னை வாங்கிய அம்மாவின் கடைசிப் பையன் அதே மழைக்காலத்தில் செத்துப்போனான். வயிற்றுப்போக்கு என்றார்கள், பசி என்றார்கள். என் அம்மா அந்தக் காம்பராப் பக்கம் போக வெகுநாள் கால் கூசி நின்றிருக்கிறாள். வாங்கின அம்மா இதைப் பற்றி ஒரு சொல் பேசியதில்லை. வளர்ந்த பிறகும் என்னை வாசலில் கண்டால் "ஏ தவுட்டம்மா, இங்க வா" என்று கூப்பிட்டு, என் தாடையைப் பிடித்து முகத்தைப் பார்ப்பாள். பார்த்துக்கொண்டே இருப்பாள். எனக்கு எரிச்சலாக வரும்.

பழங்கதை இதோடு போதும். டயகமப் பக்கத்துத் தோட்டத்தில் இன்னமும் எங்கள் லயத்துக் காம்பராவில்தான் தம்பி இருக்கிறான். என்னைவிட மிகவும் இளையவன். அவன் மனைவி கொழுந்து பறிக்கிறாள். அவளுக்கு முதல் பிள்ளை வயிற்றிலேயே போனது. இரண்டாவது பிறந்து சில நாளில் போனது. மூன்றாவதாக ஒரு பெண் பிறந்தாள், பூனைக்குட்டி அளவில். இருதயத்தில் ஓட்டை இருக்கிறது, கொஞ்சம் எடை கூடியதும் கொழும்பில் ஆபரேஷன் செய்யலாம் என்று டாக்டர்கள் சொன்னார்கள். அந்த எடை கூடும் வரை பிள்ளை தாங்க வேண்டும்.

நான் பார்க்கப் போன அன்று அவள் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள்.

"மதினி, நீங்க இவள தவுட்டுக்கு வாங்கிக்கங்க."

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. "கிளினிக்குக்கு ஒழுங்கா போ. மருந்தக் குடு. தவுடாம், தவுடு!"

"கிளினிக்குக்கும் போறேங்க. இதையும் செய்வோம். வாங்குறவங்க புள்ளய பறிகுடுத்தவங்களா இருக்கக் கூடாதாம். நம்ம லயத்துல எல்லா வீட்டுலயும் ஒண்ணாவது போயிருக்கு. ஒங்களுக்குத்தான் ஒண்ணும் சாகல."

"பெத்தாத்தானே சாகும்" என்றேன். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை.

அவள் சிரிக்கவில்லை. தம்பி கதவோரம் நின்று என் காலையே பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியில், "அக்கா, நீங்க பொழச்சீங்கள்ல" என்றான்.

தலவாக்கலையில் கோழித்தீன் விற்கிற முஸ்லிம் நானாவின் கடைக்குப் போனேன். "என்னா டீச்சர், கோழி வளக்கிறீங்களா?" என்று கேட்டார். அரைக்கிலோ தவிடு போதும் என்றதும், "அரைக்கிலோவுக்கு எந்தக் கோழி வளரும்?" என்று சிரித்தார். ஒரே ஒரு குஞ்சுதான் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை லயத்துக்குப் பின்னால் வைத்துச் செய்தோம். பக்கத்து வீட்டுப் பெண்களெல்லாம் வந்துவிட்டார்கள். ஒருத்தி போனில் வீடியோ எடுத்தாள். மரக்கறித்தோலும் சாம்பலும் கொட்டுகிற இடத்தில் முறத்தை வைத்தார்கள். பனி இறங்கிக்கொண்டிருந்தது. பிள்ளைக்குக் குளிரும், சட்டுப்புட்டென்று முடியுங்கள் என்று நான் கத்தினேன். தவிட்டைக் கொட்டினேன். "வித்துட்டேன்" என்றாள் தம்பி மனைவி, பாடம் ஒப்புவிக்கிற மாதிரி. "வாங்கிட்டேன், எனக்காக வளத்துக் குடு" என்றேன். சொல்வதற்கு முன்னால் பிள்ளையைக் கையில் எடுத்திருந்தேன். உதடு நீலம் பாரித்திருந்தது. என் விரலைப் பிடித்துக்கொண்டது. மூடநம்பிக்கையைப் பற்றி வருடாவருடம் வகுப்பில் கட்டுரை எழுதவைக்கிறவள் நான். அந்தப் பிள்ளையைத் திருப்பிக் கொடுக்க எனக்கு மனமே வரவில்லை.

பதிவில் அவளுக்கு ஷ வைத்த பெயர்தான். வீட்டில் தவிட்டம்மா. அந்த மாதங்களில் வாரத்தில் ஒரு தடவையாவது பஸ் ஏறிப் போனேன். வாசலில் என் குரல் கேட்டால் தலையைத் திருப்புவாள். "சின்னத் தவுட்டம்மாவ பாக்க பெரிய தவுட்டம்மா வந்துட்டாங்க" என்று லயத்தில் கேலி பேசுவார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தப் பெயர் என் காதுக்கு இனித்தது. எடை கூடுகிறது என்று கிளினிக்கில் சொன்னார்கள். தவிடு வேலை செய்கிறது என்றாள் தம்பி மனைவி. இருக்கட்டுமே என்று நினைத்தேன்.

பிறகு பெருமழை வந்தது. பிள்ளைக்குச் சளி பிடித்தது. நுவரெலியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், அங்கே முடிந்த மட்டும் பார்த்தார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது துணியில் சுற்றியிருந்தார்கள்.

லயத்துக்குக் கொண்டுவந்து கிடத்தினோம். தம்பி மனைவி வாய் கோணி ஒரு சத்தம் எழுப்பினாள். உடனே இரண்டு பெண்கள் அவள் வாயைப் பொத்தினார்கள். "நீ அழக் கூடாதுடி. நீதான் வித்துட்டியே. நீ அழுதா அடுத்ததும் தங்காது." கொடுமையாக ஒன்றும் சொல்லவில்லை. தலையைத் தடவிக்கொண்டேதான் சொன்னார்கள். அவள் அழுகையை விழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வாங்கினவள்தான் அழ வேண்டும்.

அழுதேன். முறைக்காக அழவில்லை. தலையில் அடித்துக்கொண்டு, டீச்சர் என்பதெல்லாம் மறந்து, தொண்டை கிழிய அழுதேன். குழிக்குள் முதல் பிடி மண்ணையும் என்னைத்தான் போடச் சொன்னார்கள். அன்றுதான் என்னை வாங்கிய அம்மாவை நினைத்தேன். என் முகத்தைப் பிடித்துக்கொண்டு அவள் எதைத் தேடினாள் என்று நினைத்தேன். கேட்க அவளும் இல்லை.

பள்ளி விடுமுறையில் ஒரு நாள் காலை தம்பி மனைவி தனியாகத் தலவாக்கலைக்கு வந்தாள். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன், குடிக்கவில்லை. முந்தானையில் முடிந்து கொண்டுவந்த துணிப்பொட்டலத்தை அவிழ்த்து என் முன்னால் வைத்தாள். தவிடு. மாட்டுக்குப் போடாமல் தொட்டிலுக்கு மேலே கட்டிவைத்திருந்திருக்கிறாள். பூச்சி பிடித்து, சிக்கு வாடை அடித்தது.

"எடுத்துக்கங்க மதினி. எம் புள்ளய எனக்குத் திருப்பிக் குடுத்துருங்க."

"இனிமே குடுத்து என்னத்துக்கு புள்ள?"

"நான் இன்னும் அழல" என்றாள்.

எனக்குக் கொடுக்க மனமில்லை. அதை உள்ளபடி சொல்கிறேன். ஐம்பது வயதில் எனக்கென்று இருந்த ஒரே பிள்ளை, செத்த பிள்ளையாக இருந்தாலும் என் பிள்ளை. அதற்காக அழுகிற உரிமை என்னிடம் இருந்தது. தவிட்டைத் தொடவில்லை. அவள் கண்ணில் ஒரு பொட்டு ஈரம் இல்லை. வாயை இறுக்கி மூடிக்கொண்டு என் கையையே பார்த்திருந்தாள்.

என் அம்மா இப்படிப் போய் என்னைத் திருப்பிக் கேட்கவில்லை. தின்றுவிட்ட தவிட்டை எப்படித் திருப்பிக் கொடுப்பது?

பொட்டலத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். "குடுத்துட்டேன்" என்றேன்.

அவள் தரையில் சரிந்து, பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு அழ ஆரம்பித்தாள். ஷ வைத்த பெயரைச் சொல்லவில்லை. "தவுட்டம்மா, தவுட்டம்மா" என்று கதறினாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் என் பெயரைக் கேட்டு எனக்குத்தான் என்னவோ ஆகிவிட்டது என்று ஓடிவந்தார்கள். நான் உயிரோடுதான் இருந்தேன், மடியில் தவிட்டோடு, அழ முடியாமல்.