டில்டாவுக்கு வருதா?

"கையைக் காட்டு. இந்தக் கை இல்ல, ஜாம் ஒட்டாத கை."

மைதானத்துக்கு வெளியே, கார்களின் நடுவே குந்தி உட்கார்ந்துகொண்டு, ஆர்லன் கூசெரா தன் மகள் டில்டாவின் முன்கையில் தடித்த மார்க்கரால் கைபேசி எண்ணை எழுதுகிறான். அடுத்து மகன். மூன்று வயது ஏமஸுக்குக் கூச்சம் அதிகம். நெளிகிற நெளிப்பில் எட்டு மூன்றாகிவிடும். அவன் தொலைந்துபோனால் யாரோ ஒரு அந்நியரின் வீட்டில் மணி அடிக்கும். லேசில் அழியாத மை. திங்கட்கிழமை பள்ளியில் ஆசிரியை டில்டாவின் கையைப் பார்த்து, "சனிக்கிழமை ஆட்டத்துக்குப் போனீங்களாக்கும்" என்பார். ஊரில் பாதிக் குழந்தைகளின் கையில் அந்த வாரம் ஒரு எண் இருக்கும்.

சுற்றிலும் கார்களின் பின்கதவுகள் திறந்து கிடக்கின்றன. அடுப்புகளில் கறி வேகிறது. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் முதல் வரிசையில் உட்காரும் மனிதர்கள், சனிக்கிழமை காலைப் பலகாரத்தோடு பீர் குடித்தபடி, கல்லூரியில் இரண்டாமாண்டு படிக்கும் பையன்களின் முழங்காலைப் பற்றிக் கவலையோடு பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

ஆர்லனின் தொழில், கராஜ் கதவு பழுதுபார்ப்பது. ஸ்பிரிங் அறுந்த கதவை ஒற்றைத் தோளால் தாங்கிப் பிடித்து, மறு கையால் போல்ட்டை முடுக்கும் ஆள், ஏமஸின் கோட்டு ஜிப்பைப் போடுவதற்குள் வியர்த்துவிடுவான். மனைவி மார்லா ஆஸ்பத்திரியில் நர்ஸ். சனிக்கிழமை தவறாமல் வேலை. ஆகவே பிள்ளைகள் ஆர்லனோடு. ஆர்லன் மைதானத்தோடு. அவன் அப்பா காலத்திலிருந்து வருகிற இருக்கைகள் அவை. ஒரு வருடம் விட்டால், வரிசையில் காத்திருக்கிறவன் வந்து உட்கார்ந்துவிடுவான். அப்புறம் அவனை எழுப்ப எமன்தான் வரவேண்டும்.

"ரெண்டும் வளர்ற வரைக்கும் வீட்டிலயே டிவில பாரேன், ஆர்லன்" என்பாள் மார்லா.

"டிவில பாத்தா அது ஆட்டம் இல்ல மார்லா, செய்தி."

காலால் பந்தைத் தொடுவதே அபூர்வமான அந்த ஆட்டத்துக்கு இங்கே கால்பந்து என்று பெயர். ஏன் என்று கேட்பவன் வெளியூர்க்காரன். பந்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு எதிராளியின் கடைசிக் கோட்டைத் தாண்டிவிட்டால் டச் டவுன், ஆறு புள்ளி. பச்சைச் சட்டை போட்ட நம் பல்கலைக்கழக அணிக்கு நாரைகள் என்று பெயர். நாரைகளும் அவ்வப்போது டச் டவுன் போடத்தான் செய்கின்றன. ஆனால் டில்டா டயபரை விட்ட நாளிலிருந்து அதில் ஒன்றைக்கூட ஆர்லன் நேரில் பார்த்ததில்லை.

காரணம் எளிது. சரியாக அந்த நேரத்தில் டில்டா, "அப்பா, வருது" என்பாள். ஆர்லன் ஏமஸை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, அவளைக் கையில் பிடித்துக்கொண்டு, முழங்கால்களையெல்லாம் தாண்டிப் படியேறி, குடும்பங்களுக்கென்று இருக்கிற கழிவறைக்கு ஓடுவான். கதவு சாத்தும். உள்ளே அவள் காரியத்தை முடிக்கிற நேரம் வெளியே மைதானமே அதிரும். திரும்பி வந்தால் எல்லோரும் கட்டிப்பிடித்துக்கொண்டிருப்பார்கள். அவனுக்குக் கிடைப்பது, சிந்திய பீரில் சறுக்கும் படிகளும், "நீ பாத்திருக்கணும்பா" என்ற ஒரு வாக்கியமும்தான்.

இதை முதலில் கண்டுபிடித்தவர் பின்வரிசை டுவேன். பன்றித் தீவன வியாபாரி. குரல் அந்தத் தொழிலுக்கேற்ற குரல். "யோவ் ஆர்லன், உம் பொண்ணு போனா நாம ஜெயிக்கிறோம்யா" என்று அவர் சொன்னபோது வரிசை சிரித்தது. அடுத்த வருடம் சிரிக்கவில்லை. நம்ப ஆரம்பித்திருந்தது. அதே வரிசையில் புள்ளியியல் பேராசிரியர் ஒருவர் உட்காருகிறார். அவர் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. டில்டாவுக்குப் பெரிய குவளையில் எலுமிச்சைச் சாறு வாங்கித் தருகிறவர் அவர்தான்.

டில்டாவின் கணக்கு வேறு. அது ஒருநாள் வீட்டில் வெளிப்பட்டது. குளியலறையிலிருந்து வெளியே வந்து, கொஞ்சம் நின்று பார்த்துவிட்டு, கேட்டாள்: "வீட்ல போனா மட்டும் ஏன் யாருமே கத்த மாட்டேங்கறாங்க?"

அந்த மைதானத்துக் கூச்சல் மொத்தமும் தனக்குத்தான் என்று குழந்தை நினைத்துக்கொண்டிருந்தது. மார்லா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு, "உண்மையைச் சொல்லிடு ஆர்லன். பள்ளிக்கூடத்துல போய்ப் பீத்திக்கப் போறா" என்றாள்.

"சொல்லலாம்" என்றான் ஆர்லன். இன்னும் சொல்லவில்லை.

போன நவம்பரில், சொந்த மண்ணில் கடைசி ஆட்டம். எதிரி, பக்கத்து மாநிலத்தான். அன்றைக்கு ஆர்லன் ஒரு முடிவோடு வந்திருந்தான். கிளம்புமுன் டில்டாவை வீட்டில் ஒருமுறை, வந்து சேர்ந்ததும் ஒருமுறை கழிவறைக்கு அனுப்பினான். பேராசிரியர் நீட்டிய குவளையைத் தானே வாங்கிக் குடித்துத் தீர்த்தான்.

"இன்னிக்கு நான் எந்திரிக்கறதா இல்ல டுவேண்ணே. ஒண்ணே ஒண்ணு, கண்ணால பாக்கணும்" என்று முன்கூட்டியே அறிவித்தும்விட்டான்.

வரிசை குறித்துக்கொண்டது.

டில்டா எழுந்திருக்கவில்லை. நாரைகள் டச் டவுனும் போடவில்லை. பனித்தூறல் விழ ஆரம்பித்தது. கடைசி நிமிடம் வந்தபோது நாரைகள் நான்கு புள்ளி பின்தங்கி, ஆனால் எதிரியின் கோட்டுக்குப் பக்கத்திலேயே பந்தோடு நின்றார்கள். தாண்டினால் வெற்றி.

தோளுக்குப் பின்னாலிருந்து தீவன வியாபாரியின் மூச்சு கேட்டது.

"ஆர்லன்."

"ம்."

"டில்டாவுக்கு வருதான்னு கேளேன்."

"வரல."

"நீ கேக்கவே இல்லயே."

"டில்டா, வருதா?"

வாய் நிறையப் பாப்கார்னோடு டில்டா தலையாட்டினாள். இல்லை.

"கேட்டாச்சு."

"சின்னவனுக்கு?"

"அவன் டயபர்ல இருக்கான்ணே."

"அப்ப அவன் எப்பவோ போயிருப்பான். அது கணக்குல வராது."

பக்கத்து இருக்கை லோர்னா, தபால் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கம்பளிக்குள்ளிருந்து தலையை நீட்டினார். "குழந்தைக்கு என்னப்பா தெரியும். உக்கார வெச்சா தானா வரும்."

"லோர்னாம்மா, நீங்களுமா?"

"போன தடவ இவனுங்கள ஜெயிச்சப்போ என் இடுப்பு என் சொந்த இடுப்பா இருந்துச்சு. இப்ப இருக்கறது டாக்டர் போட்டது. இன்னும் எத்தன வருஷம் நான் காத்திருக்க?"

"எனக்கும் கண்ணு இருக்கு" என்றான் ஆர்லன், யாரையும் பார்க்காமல். "சீட்டு எம்பேர்லயும்தான் இருக்கு."

வரிசையே அவனை விட்டுவிட்டு டில்டாவைப் பார்த்தது. திட்டினால்கூடப் பரவாயில்லை என்று தோன்றவைக்கிற பார்வை. பேராசிரியர் தன் தண்ணீர் பாட்டிலை மெல்ல டில்டாவின் பக்கம் நகர்த்தினார்.

டில்டா முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். "ஏம்ப்பா எல்லாரும் இப்படி இருக்காங்க?"

"தோத்துடுவோமோன்னு பயம்டா."

அவள் யோசித்தாள். பாப்கார்னை பெஞ்சில் வைத்தாள். கைகளைக் கோட்டில் துடைத்துக்கொண்டாள்.

"நான் போறேன். கொஞ்சம் வரும்னு நெனக்கிறேன்."

வரிசையே மூச்சு விட்டது. லோர்னா எழுந்து அவள் கையைப் பிடித்தார். "நான் கூட்டிட்டுப் போறேன் கண்ணு. உங்கப்பன் உக்காந்து பாக்கட்டும், பாவம்."

ஆர்லன் உட்கார்ந்தே இருந்தான். கீழே பையன்கள் வரிசை கட்டிக் குனிந்தார்கள். எதிரில் யாருடைய முதுகும் இல்லை. கோடு தெளிவாகத் தெரிந்தது. ஏமஸ் மடியில் அசையாமல் இருந்தான், அது அவன் வாழ்நாளில் அபூர்வம். இதைவிட நல்ல நேரம் வாய்க்காது.

"அப்பா!"

படியில் பாதி ஏறி டில்டா திரும்பி நின்றாள்.

"நீ வரலயா? அப்புறம் எனக்குக் கை தட்டறது உனக்கு எப்படிக் கேக்கும்?"

ஆர்லன் மைதானத்தைப் பார்த்தான். மறுபடி படியைப் பார்த்தான். பிறகு ஏமஸை இடுப்புக்கு ஏற்றிக்கொண்டு எழுந்தான். டுவேன் தன் பெரிய முழங்கால்களை ஒதுக்கி வழிவிட்டார், ராஜாவுக்கு விடுவதுபோல.

மேலே நடைபாதையில் ஈ காக்கை இல்லை. தின்பண்டக் கடைக்காரன்கூடக் கடையை விட்டுவிட்டு எட்டிப்பார்க்கப் போயிருந்தான். "நீங்க போய்ப் பாருங்க லோர்னாம்மா" என்றான் ஆர்லன். இரண்டாவது முறை சொல்லவேண்டியிருக்கவில்லை. டாக்டர் போட்ட இடுப்பு அவ்வளவு வேகம் போகும் என்று டாக்டருக்கே தெரிந்திருக்காது.

கழிவறையின் தடுப்புக் கதவுக்கு அடியில் இரண்டு பச்சை பூட்ஸ் அந்தரத்தில் ஆடின. அவள் ஏதோ பாடிக்கொண்டிருந்தாள். தலைக்கு மேலே, கான்கிரீட்டுக்கு அந்தப் பக்கம், ஆயிரக்கணக்கான கால்கள் இருக்கை வரிசைகளின் தகரத் தரையை உதைக்கும் சத்தம் ஏறியது. ஏறிக்கொண்டே போனது. நின்றது.

அப்புறம் எதுவும் இல்லை. வெகு தூரத்தில், ஒரே ஒரு மூலையிலிருந்து மட்டும் ஒரு சின்ன ஆரவாரம். பக்கத்து மாநிலத்தான்களுக்கு ஒதுக்கிய மூலை அது. பார்க்காமலே ஆர்லனுக்குப் புரிந்தது.

தண்ணீர் இறங்கும் சத்தம். டில்டா வெளியே வந்தாள். காதுகளை மூடியிருந்த மஃப்பில் ஒரு பக்கத்தைத் தூக்கிக் கேட்டாள். மறுபக்கத்தையும் தூக்கினாள். கூரையைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள்.

ஆர்லன் ஏமஸைத் தரையில் இறக்கிவிட்டான். கம்பளிக் கையுறையோடு தட்டினால் சத்தம் வராது. இரண்டையும் பல்லால் கடித்து உருவிவிட்டு, வெறுங்கையால் தட்ட ஆரம்பித்தான்.