டீசலில் ஊறிய புஷ்

அந்தச் சம்பா அறுவடையில் என் புஷ் தோற்றுவிட்டதாக ஆலையில் எல்லோரும் சொன்னார்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. சட்டென்று எதையும் ஒப்புக்கொள்ளும் வழக்கம் எனக்கு இல்லை.

தஞ்சாவூருக்கு வெளியே இருக்கும் சின்ன ஆலை அது. சுழலும் தண்டைத் தாங்கும் புஷ் என்கிற வளையம் போன்ற உதிரிபாகங்களை வடிவமைப்பது நான். வெண்கலப் பொடியை அச்சில் கொட்டி, பிரஸ்ஸில் அமுக்கி, உருகிவிடாத சூட்டில் உலையில் வேகவைப்போம். பொடி ஒன்றோடொன்று ஒட்டிக் கெட்டியாகும். உள்ளே கண்ணுக்குத் தெரியாத துளைகள் மிஞ்சும். அவற்றில் எண்ணெயை ஏற்றிவிட்டால், தண்டு சுழலச் சுழலத் தானே கசியும். கிரீஸ் வைக்க வேண்டியதில்லை. அறுப்பு மிஷினின் முன்னால் சுழன்று கதிரை உள்ளே தள்ளும் சட்டத்துக்காக அப்படியொரு புஷ் செய்திருந்தேன். சேற்றில் நிற்கிற மிஷினுக்கு மணிக்கொரு தரம் கிரீஸ் வைக்க எவனுக்கு நேரம் இருக்கிறது?

அதுதான் இப்போது ஒரு பை நிறையத் திரும்பி வந்திருந்தது, கறுத்தும் தேய்ந்தும்.

முதலாளி ஒன்றை எடுத்து மேசையில் உருட்டினார். "பொடியை அமுக்கிச் செஞ்சது பொடியாத்தாம்மா போகும். பழையபடி லேத்துல கடைஞ்ச புஷ்ஷே போட்டுடலாம். அடுத்த வாரம் அச்சைக் கழட்டிடுங்க."

"ஒரு வாரம் இருக்குல்ல சார்," என்றேன். கோபத்தில் காது சுட்டது. இரண்டு வருடம் அந்த அச்சோடு மாரடித்தவள் நான்.

பையில் நீடாமங்கலத்துக் கடையின் சீட்டு இருந்தது. நேரே போய், திருப்பிக் கொடுத்தது யார் என்று கேட்டேன். கடைக்காரர் தயங்கித் தயங்கிச் சொன்னார். "உங்க அண்ணன்தாங்க."

எங்கள் அப்பாவும் அம்மாவும் பிறர் வயலில் கதிர் அறுத்தவர்கள். நான் பொறியியல் படித்தேன். அண்ணன் பாதியில் படிப்பை விட்டுவிட்டு அறுப்பு மிஷின் ஓட்டப் போனார். என் புஷ்ஷை முதலில் வாங்கி மாட்டியதும் அவர்தான், தங்கச்சி செய்தது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு.

வயலிலேயே அவரைப் பிடித்தேன்.

"ஏண்ணே எங்கிட்ட சொல்லல?"

"என்னன்னு சொல்றது? நீ செஞ்ச சாமான் பத்து நாள் தாங்கலன்னா?" முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மீதியிருந்த புதுப் புஷ் ஒன்றை மாட்டிக் காட்டச் சொன்னேன். பெட்டியைப் பிரித்தார். ஒரு டப்பாவில் டீசலை ஊற்றி, புஷ்ஷை அதற்குள் போட்டார்.

"என்னண்ணே பண்றீங்க?"

"புதுச் சாமான்னா டீசல்ல ஊறப்போட்டுத் தொடச்சுட்டுத்தானே மாட்டணும்? இது மேல வேற பிசுபிசுன்னு இருக்கு. நான் மாட்டறதுக்கு முந்தின நாளே போட்டுடுவேன்."

பிசுபிசுப்பு! நான் பாடுபட்டு ஏற்றிய எண்ணெய் அது. அவ்வளவையும் கரைத்துவிட்டு, காய்ந்த புஷ்ஷை மாட்டியிருக்கிறார், அதுவும் அக்கறையாக. அவரைத் திட்ட வாயெடுத்தேன்; திட்ட வேண்டியது என்னைத்தான் என்று புரிந்தது. எங்கள் பக்கம் எந்த டிரைவரும் புதுச் சாமானைக் கழுவாமல் மாட்டமாட்டார். களிமண் அப்பினால் மறுபடியும் கழுவுவார். அதைப் பார்த்தே வளர்ந்த நான் வரைபடம் போடும்போது ஒரு நிமிடம்கூட நினைக்கவில்லை. வெட்கமாக இருந்தது.

விஷயத்தைச் சொன்னதும் முதலாளிக்கு நிம்மதி. "அப்ப நம்ம மேல தப்பில்ல. 'டீசலில் கழுவாதீர்கள்'னு பெட்டியில அச்சடிச்சுடலாம். படிக்காத டிரைவர் கெடுத்தா நாம என்ன பண்றது?"

சரி என்று தலையாட்டியிருந்தால் என் புஷ் அன்றே பிழைத்திருக்கும். நான் ஆட்டவில்லை.

"தப்பு என்னோடது சார். கழுவித்தான் மாட்டுவாங்கன்னு தெரிஞ்சே, கழுவினா கெடுற சாமானைப் போட்டது நான். மாத்திக் குடுக்கிறேன்."

"முடியலன்னா?"

"அச்சோட சேர்த்து என்னையும் அனுப்பிடுங்க."

குறுவை அறுப்பு வரை பொறுப்பதாகச் சொன்னார்.

பொடியில் கிராபைட்டைக் கலந்தேன். எண்ணெய் போனாலும் அது வழுக்கிக் கொடுக்கும், டீசலில் கரையாது. ஆனால் அது கூடக் கூட வலு குறையும். முதலில் செய்தவை விரிசல் விட்டன. கிராபைட்டைக் கொஞ்சம் குறைத்து, பாரம் பரவும்படி புஷ்ஷின் நீளத்தைக் கூட்டினேன். சோதனைத் தாளின் முதல் வரியாக இப்படி எழுதினேன்: ஒரு நாள் முழுக்க டீசலில் ஊறவைத்து, துடைத்து, எண்ணெய் விடாமல் ஓட்டவும்.

"இப்படி ஒரு சோதனை எந்தப் புத்தகத்துல இருக்கு?" என்றார் முதலாளி.

"எங்க ஊர்ல இருக்கு சார்."

குறுவை அறுப்பு முடிந்ததும் அண்ணன் தன் மிஷினில் ஓடிய புதுப் புஷ்ஷைக் கழற்றி ஆலைக்கே எடுத்து வந்தார். முதலாளியின் அறையில் நின்றுகொண்டிருந்தார். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்கண்ணே," என்றேன். முதலாளி என்னை ஒரு பார்வை பார்த்தார். அண்ணன் உட்கார்ந்தார்.

முதலாளி புஷ்ஷை இரண்டு முறை அளந்தார். தேய்மானம் அளவுக்குள்தான் இருந்தது. வரைபடத்தில் கையெழுத்துப் போட்டு என்னிடம் நீட்டினார். பிறகு அண்ணன் பக்கம் திரும்பி, "இதையும் டீசல்ல போட்டியாப்பா?" என்று கேட்டார்.

அண்ணன் இந்த முறை முகத்தைத் திருப்பவில்லை. "போட்டேங்க. அடுத்த தடவையும் போடுவேங்க."