பொட்டு வைத்த பேட்டரி

எழுபதுகளின் நடுவில், கும்மிடிப்பூண்டிப் பக்கம் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இன்ஸ்பெக்‌ஷன் நடந்த நாள் அது. மூன்றாம் வகுப்பு அறையில் அன்று இருந்தவர்களைச் சரியாகவே சொல்லிவிடுகிறேன். மெட்ராஸிலிருந்து வந்த இன்ஸ்பெக்டர், தலைமை ஆசிரியர், பொன்னேரியிலிருந்து ரயிலில் வந்து போகும் டீச்சர், தரையில் வரிசையாக உட்கார்ந்திருந்த பிள்ளைகள், அவர்களில் முதல் வரிசையில் என் மகள். ஜன்னலுக்கு வெளியே, வேப்பமரத்தடியில் நான். என்னை யாரும் கூப்பிடவில்லை. என் மகளையே அன்று அனுப்பக்கூடாது என்றுதான் சொல்லியிருந்தார்கள்.

என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நான் பயந்த சுபாவம். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை போய் மறுபடி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். கணவர் இரும்புத் தொழிற்சாலையில் லோடு ஏற்றப் போனவர் திரும்பி வரும்வரை வாசலுக்கும் அடுப்புக்குமாக நடப்பேன். ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. நடவு நேரத்தில் அம்மாவோடு வேலைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தால், "உன் பேரை எடுத்தாச்சு" என்றார் வாத்தியார். எனக்காகக் கேட்க ஆள் இல்லை. நானும் கேட்கவில்லை. சிலேட்டைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

என் மகளுக்கு நான்கு வயதில் தட்டம்மை கண்டது. உயிர் பிழைத்தாள், காது போய்விட்டது. முழுதாகப் போகவில்லை, பக்கத்தில் நின்று உரக்கச் சொன்னால் கொஞ்சம் கேட்கும். மெட்ராஸ் பெரியாஸ்பத்திரி டாக்டர் ஒருவர் ஏற்பாட்டில் அவளுக்குக் காது மெஷின் கிடைத்தது. இப்போது இருப்பதைப்போல காதுக்குள் ஒளிந்துகொள்கிற மெஷின் இல்லை. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய பெட்டி, அதிலிருந்து ஒரு ஒயர், ஒயர் முனையில் காதில் செருகுகிற குமிழ். பெட்டிக்குள் ஒரு பென்சில் பேட்டரி. அந்தப் பெட்டிக்குப் பழைய பாவாடைத் துணியில் பை தைத்து அவள் மார்பில் கட்டிவிடுவேன்.

தினமும் காலையில் நாஷ்டாவுக்கு முன்னால் எனக்கு ஒரு வேலை உண்டு. குமிழைப் பெட்டிக்குப் பக்கத்தில் கொண்டுபோனால், 'கூ' என்று ஒரு விசில் வரும். விசில் வந்தால் மெஷினுக்கு உயிர் இருக்கிறது என்று அர்த்தம். சத்தம் குறைந்தால் பேட்டரியை மாற்ற வேண்டும். புதுப் பேட்டரி போடும்போது அதன் மேல் கொஞ்சம் மஞ்சளும் குங்குமமும் தொட்டு வைப்பேன். புதுச் சாமான் எது வந்தாலும் எங்கள் வீட்டில் பொட்டு வைக்காமல் எடுத்து உபயோகிக்க மாட்டோம். சைக்கிளுக்கு வைத்தோம், முறத்துக்கு வைத்தோம். மகளின் காதுக்கு வைக்க மாட்டோமா?

வகுப்பில் அவள் பட்ட கஷ்டத்தைக் கண்டுபிடித்தது அந்தப் பொன்னேரி டீச்சர்தான். பெட்டி பிள்ளையின் மார்பில் இருந்தால் பக்கத்துப் பிள்ளைகளின் இரைச்சலும் துணி உரசும் சத்தமும்தான் பெரிதாகக் கேட்கிறது, டீச்சர் குரல் கேட்கவில்லை. ஸ்டேஷன் பக்கத்து ரேடியோ ரிப்பேர்க் கடையில் ஒயரை நீளமாக ஒட்டிக்கொண்டு வரச் சொன்னார். அதற்குப் பிறகு பெட்டி டீச்சர் மேசை மேல் இருக்கும், ஒயர் தொங்கி வந்து முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கும் என் மகள் காதில் முடியும். பிள்ளைகள் அவளுக்கு 'டெலிபோனு' என்று பெயர் வைத்தார்கள். "ஏ டெலிபோனு, டீச்சரு லைன்ல கீறாங்களா?" என்று கேலி செய்வார்கள். அவளும் விடமாட்டாள், "ராங் நம்பர், வைடா" என்பாள். அந்த வருஷம்தான் அவள் எழுத்துக்கூட்டி வாசித்தாள். வாய்ப்பாடு சொன்னாள்.

அரைப்பரீட்சை முடிந்த பிறகு எல்லாம் தலைகீழானது. மூன்று வாரம் வரவேண்டிய பேட்டரி நான்கு நாளில் செத்துப்போனது. காலையில் நன்றாக விசில் அடித்த மெஷின், சாயங்காலம் அவள் வீட்டுக்கு வரும்போது முனகும். நான் அரிசி மில் களத்தில் நெல் துழாவிக்கொண்டே யோசிப்பேன். பேட்டரி சரியில்லையா, மெஷின் கெட்டுப்போனதா, இல்லை, கடவுளே, மீதி இருந்த காதும் போகிறதா? இரவில் அவள் தூங்கும்போது காதருகே மெல்லக் கை தட்டிப் பார்ப்பேன். கணவருக்கு எரிச்சல் வரும். "தூங்கற புள்ள காதுல இன்னாத்துக்கு டமாரம் அட்ச்சினுகீற?" என்பார். மதியச் சாப்பாட்டு வேளையில் மெஷினை யாராவது உடைத்துவிடக்கூடாது என்று தலைமை ஆசிரியர் தன் அறையில் வாங்கி வைத்துக்கொள்வார் என்று மகள் சொல்லியிருந்தாள். நல்ல மனிதர் என்று நினைத்து ஒருமுறை அவருக்குக் கொடுக்காப்புளி கொண்டுபோய்க் கொடுத்தேன். டிரான்சிஸ்டரில் கிரிக்கெட் கேட்டுக்கொண்டே வாங்கிக்கொண்டார்.

அந்த மனிதர்தான் ஒருநாள் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"இந்தாம்மா, உன் பொண்ணுக்கு மெஷின் போட்டும் ஒண்ணும் கேக்கல. மதியத்துக்கு மேல மரமா உக்காந்துகினு இருக்கு. செவிட்டுப் பிள்ளைங்களுக்குன்னு மெட்ராஸ்ல தனி ஸ்கூல் இருக்குது, அங்க சேத்துடு. வியாழக்கிழமை இன்ஸ்பெக்‌ஷன். அன்னிக்கு அனுப்பாத. அவரு வந்து போனதும் பேரை எடுத்துடலாம்."

மெட்ராஸில் எங்களுக்கு யார் இருக்கிறார்கள்? "சரிங்க சார்" என்று சொல்லிவிட்டு வந்தேன். பாதி வழியில் நின்றுவிட்டேன். பேரை எடுத்துடலாம். அந்த வார்த்தை எனக்குப் பழக்கமான வார்த்தை. என் பேரை எடுத்த அன்றைக்கும் நான் ஒன்றும் கேட்காமல்தான் வந்தேன்.

வியாழக்கிழமை காலையில் புதுப் பேட்டரி போட்டேன். கைக்கு ஒன்று இருக்கட்டும் என்று இன்னொன்றை மெஷின் பைக்குள் வைத்தேன். இரண்டுக்கும் பொட்டு வைத்தேன். விசில் நன்றாக வந்தது. "அனுப்பாதன்னு சொன்னாங்கன்னியே, இன்னா பண்றே?" என்றார் கணவர். "அனுப்பறேன்" என்றேன். அவரே போய் அவளுக்குத் தலை வாரிவிட்டார். மில்லுக்குப் போகாமல் நானும் பின்னாலேயே போய் ஜன்னலோரம் நின்றேன். யாராவது பார்த்தால் துரத்துவார்கள் என்று தெரியும். இருந்தாலும் நின்றேன்.

உள்ளே மேசை மேல் கைக்கு அடக்கமான ஒரு டிரான்சிஸ்டர் பாடிக்கொண்டிருந்தது. பள்ளி ஒலிபரப்பாம். பிள்ளைகளுக்கு ரேடியோவில் பாடம் வரும், அதைக் கேட்க வைத்துப் பாடம் நடத்துகிறார்களா என்று பார்க்கத்தான் இன்ஸ்பெக்டர் வந்திருக்கிறார். பள்ளிக்கூடத்தின் பெரிய ரேடியோ கரண்ட் இல்லாமல் பீரோவில் தூங்கியதால், தலைமை ஆசிரியர் தன் சொந்த டிரான்சிஸ்டரை வைத்திருந்தார். பக்கத்திலேயே என் மகளின் பெட்டியும் இருந்தது.

ரேடியோவில் ஓர் அம்மா கதை சொன்னார். பிள்ளைகள் சிரித்தார்கள். என் மகள் சிரிக்கவில்லை. குமிழைக் காதில் அழுத்தி அழுத்திப் பார்த்தாள். எட்டிப் பெட்டியைத் தட்டினாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி என்னைப் பார்த்துக் கையை விரித்தாள்.

கதையில் என்ன கேட்டாய் என்று இன்ஸ்பெக்டர் அவளிடம் கேட்டார். அவள் அவர் வாயையே பார்த்தாள்.

"அது செவிடு சார். மெஷின் போட்டும் பிரயோஜனம் இல்ல. பேரை எடுத்துடறதா இருக்கோம்" என்றார் தலைமை ஆசிரியர்.

"காலையில நல்லா கேட்டுச்சு சார்" என்றார் டீச்சர், மெல்லிய குரலில். "ப்ரேயர் முடிஞ்சு மெஷினை ரூமுக்குக் கொண்டாரச் சொன்னீங்க, அதுக்கு அப்புறம்தான்..." தலைமை ஆசிரியர் முறைத்ததில் டீச்சர் அதோடு நிறுத்திக்கொண்டார்.

நான் எப்படி உள்ளே போனேன் என்று இன்றைக்கும் சொல்லத் தெரியாது. செருப்பை வாசலில் கழற்றிவிட்டது மட்டும் ஞாபகம் இருக்கிறது. நேராக மேசைக்குப் போய், மகள் காதிலிருந்த குமிழை எடுத்துப் பெட்டியோடு சேர்த்துப் பிடித்தேன். விசில் இல்லை. மூடியைத் திறந்தேன். உள்ளே இருந்த பேட்டரியில் பொட்டு இல்லை. பைக்குள் பார்த்தேன், கைக்கு வைத்ததிலும் பொட்டு இல்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை வாரமாக நான் எடுத்துப்போட்ட செத்த பேட்டரி எதிலும் பொட்டு இல்லை. பிள்ளையின் வியர்வையில் அழிந்துவிட்டது என்று நினைத்திருந்தேன்.

டிரான்சிஸ்டரை எடுத்தேன். "இந்தாம்மா, அதை ஏன் தொடறே? வெளிய போ" என்றார் தலைமை ஆசிரியர். நான் திருகினேன், கதை பாதியில் நின்றது. முதுகு மூடியை நகத்தால் நெம்பினேன். இரண்டு பேட்டரிகள். இரண்டிலும் மஞ்சள், நடுவில் குங்குமம்.

இன்ஸ்பெக்டர் எட்டிப் பார்த்தார்.

"பேட்டரிக்கு எதுக்கும்மா பொட்டு?"

"புதுசுக்கு வைப்போம் சார். என் பொண்ணு மெஷினுக்கு நான் காலையில போட்டது."

"ஒரு நாளைக்கு அட்ஜஸ்ட்மென்ட் சார், இன்ஸ்பெக்‌ஷனுக்காக" என்றார் தலைமை ஆசிரியர்.

"ஒரு நாளா சார்?" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "தினம் மத்தியானம் உங்க ரூம்லதானே மெஷின் இருக்குது? நீங்க கிரிக்கெட்டு கேக்க என் பொண்ணு காதுதான் கெட்ச்சுதா? நீங்களே புடுங்கினு, நீங்களே செவிடுன்னு சொல்லி, நீங்களே பேரை எடுப்பீங்களா? எடுக்கக்கூடாது சார். நான் உட மாட்டேன்."

"அரசாங்க ஸ்கூல்ல வந்து சத்தம் போட உனக்கு யாரு அதிகாரம் குடுத்தது?"

"கோவிச்சிக்காதீங்க சார். மொதல்ல பேட்டரி. அதிகாரத்தை அப்புறம் பேசலாம்."

போட்டேன். 'கூ' என்று விசில் வந்தது. அந்தச் சத்தத்துக்கு முதல் வரிசையில் ஒரு பையன், "டெலிபோனு வந்துட்ச்சு" என்றான். டீச்சர் அவனை அடக்கவில்லை. குமிழை வாங்கி அவரே என் மகள் காதில் வைத்தார்.

இன்ஸ்பெக்டர் பெட்டிக்கு நேராகக் குனிந்து, செவிடர்களிடம் எல்லோரும் கத்துவதுபோலக் கத்தினார். "ஏழெட்டு எவ்ளோ?"

என் மகள் முகத்தைச் சுளித்தாள். "கத்தாதீங்க சார். கேக்குது. அம்பத்தாறு."

பிள்ளைகள் சிரித்தார்கள். இன்ஸ்பெக்டரும் சிரித்துவிட்டு, இந்த முறை மெதுவாக, "ஒம்போதெட்டு?" என்றார்.

"எழுவத்தொண்ணு."

"பாத்தீங்களா சார்" என்று தலைமை ஆசிரியர் எழுந்தார்.

"அது வாய்ப்பாடு தப்பு, சார். காது தப்பில்ல" என்றார் இன்ஸ்பெக்டர். "உக்காருங்க."

அவர் தலைமை ஆசிரியரைத் தண்டித்தார், எனக்குக் கைகொடுத்தார் என்றெல்லாம் எழுத ஆசைதான். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. என் மகள் பேர் வருகைப் பதிவில் அப்படியே இருந்தது, அவ்வளவுதான். அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. போலீஸ் வரும், கணவரை வேலையை விட்டு எடுத்துவிடுவார்கள் என்று விடியும்வரை உட்கார்ந்திருந்தேன். யாரும் வரவில்லை. மறுநாளிலிருந்து மதிய வேளையில் பெட்டி டீச்சரின் சாப்பாட்டுக் கூடைக்குள் இருந்தது. மகள் பத்தாவது வரை அதே ஒயரோடு படித்துத் தேறினாள். வாய்ப்பாட்டில் ஒன்பதெட்டு மட்டும் அவளுக்கு இன்றைக்கும் தடுமாறும்.

பல வருஷம் கழித்து கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் அந்தத் தலைமை ஆசிரியரைப் பார்த்தேன். ஓய்வு பெற்றிருந்தார். என்னை அடையாளம் தெரிந்தது, உடனே பேப்பரைப் பிரித்து முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார். வழக்கம்போல எனக்கு அப்படியே திரும்பிப் போய்விடத் தோன்றியது. இருந்தாலும் பக்கத்தில் போய் நின்றேன்.

"சார், நாலு பேட்டரி."

பேப்பரைத் தாழ்த்தாமலே, "சில்லறை இல்லம்மா" என்றார்.

"பரவால்ல சார். நான் மறக்கல, அதைச் சொல்லத்தான் வந்தேன்" என்றேன்.

பயம் என்னைவிட்டுப் போகவில்லை. இன்றைக்கும் பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்க்கிறேன். ஆனால் பயந்தவள் வாயைத் திறக்கக்கூடாது என்று எங்கும் எழுதி வைக்கவில்லை என்பது எனக்கு அந்த வியாழக்கிழமை தெரிந்துபோனது. அதனால்தான் கணக்கை நான் முடிக்கவில்லை. ரேடியோவிலிருந்து நானே எடுத்துக்கொண்ட இரண்டைச் சேர்க்கவில்லை. அதற்கு முன்னால் போனவை நான்கு, ஒன்றின் விலை நாற்பத்தைந்து காசு. எனக்கு வரவேண்டிய பாக்கி ஒரு ரூபாய் எண்பது காசு.